இருட்டை எங்கே வைப்பது?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் வேஷன் என்றொரு தீவு. அங்கே தந்தையோடு சேர்ந்து ஒரு சின்னப் பெந்தெகொஸ்தே சபையைக் கவனித்துவந்த ஃபிராங்க் பெரெட்டி, 1980களின் தொடக்கத்தில் ஊழியத்தை விட்டுவிட்டுப் பனிச்சறுக்குப் பலகை செய்யும் ஆலைக்கு வேலைக்குப் போனார். கையில் ஒரு நாவல் இருந்தது. பல பதிப்பகங்கள் அதைத் திருப்பி அனுப்பின. 1986-ல் கிராஸ்வே பதிப்பகம் அதை வெளியிட்ட பிறகும் புத்தகம் கடைகளில் தூங்கியது. பாடகி ஏமி கிராண்ட் தன் மேடைகளில் அதைப் பற்றிப் பேசத் தொடங்கிய பிறகுதான் விற்பனை சூடுபிடித்தது. பிறகு 20 லட்சம் பிரதிகளைத் தாண்டிப் போயிற்று.

அந்த நாவல் 'திஸ் பிரசன்ட் டார்க்னஸ்'. ஆஷ்டன் என்ற சிற்றூரில் ஏதோ சரியில்லை என்று ஓர் இளம் போதகரும் உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியர் ஒருவரும் தனித்தனியாக மோப்பம் பிடிக்கிறார்கள். அவர்கள் தலைக்கு மேலே, மனிதக் கண்ணுக்குத் தெரியாமல், மஞ்சள் கண்ணும் கந்தக மூச்சுமாகப் பிசாசுகள் கூட்டம் சேர்க்கின்றன. எதிரே தூதர்கள் வாளோடு காத்திருக்கிறார்கள். ஊரில் நாலு பேர் முழங்கால் போட்டு ஜெபித்தால் தூதர்களின் கை வலுக்கும். ஜெபம் தளர்ந்தால் கையும் தளரும். பெரியவர்களுக்காக எழுதப்பட்ட இந்த நாவலை அவர்களின் பிள்ளைகளும் எடுத்துப் படித்தார்கள். பயமுறுத்தும் கதை என்றாலே கதவைச் சாத்திய வீடுகளில், அப்பாவே வாங்கிவைத்த பயங்கரக் கதை அது.

கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கான திகில் கதை இன்று அமெரிக்கக் கிறிஸ்தவப் புத்தகச் சந்தையில் தனி வகையாகவே இருக்கிறது. 1992-ல் ஆர்.எல். ஸ்டைனின் 'கூஸ்பம்ப்ஸ்' வரிசை தொடங்கிப் பள்ளிக்கூடப் பைகளை எல்லாம் பிடித்துக்கொண்டபோது, கிறிஸ்தவப் பதிப்பகங்களும் சும்மா இருக்கவில்லை. 1994-ல் பில் மையர்ஸ் 'ஃபர்பிடன் டோர்ஸ்' வரிசையைத் தொடங்கினார். பிரேசிலில் மிஷனரி பெற்றோரிடம் வளர்ந்த அக்காவும் தம்பியும் கலிபோர்னியாவுக்குக் குடிவந்து, ஆவிகளோடு பேசுகிறோம் என்று வீஜா பலகை வைத்து விளையாடும் கூட்டத்தில் மாட்டிக்கொள்ளும் கதை. விறுவிறுப்பு உண்டு. ஆனால் சில இடங்களில் கதை நின்று உபதேசம் தொடங்கிவிடுகிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்த இடம் தெரியாமல் போகாது.

இந்த வகைப் புத்தகங்களைப் பெற்றோருக்குப் பரிந்துரைப்பவர்கள் வழக்கமாகச் சொல்வது: கெட்ட வார்த்தை இல்லை, ஆபாசம் இல்லை, ரத்தம் அதிகம் இல்லை. இவை வேண்டியவைதான், மறுப்பில்லை. ஆனால் ஒரு கதையில் என்ன இல்லை என்பதை மட்டும் எண்ணிப் பார்த்து அதைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட முடியாது. அந்தக் கதை தீமையை எங்கே வைக்கிறது என்று நான் பார்ப்பேன். யாரோ ஒருவர் மேலா, பக்கத்து வீட்டின் மேலா, வேறு நம்பிக்கை உடையவர் மேலா, அல்லது வாசிக்கிற பிள்ளையின் நெஞ்சும் உட்பட எல்லார் நெஞ்சிலுமா?

இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் பெரெட்டியின் அந்த நாவலே எனக்கு நெருடுகிறது. ஆஷ்டனில் போதகரை எதிர்ப்பவர்கள் பெரும்பாலும் பிசாசின் கைப்பாவைகள். கல்லூரியில் உளவியல் சொல்லித்தரும் பேராசிரியரும் அப்படியே. கதைக்கு அது வசதி. ஆனால் பதினைந்து வயதில் அதைப் படித்தவன், தன்னோடு ஒத்துப்போகாத ஆசிரியரின் தோளில் ஒரு பிசாசு உட்கார்ந்திருப்பதாக நினைக்கத் தொடங்கினால் யார் பொறுப்பு?

இது வெறும் கற்பனைப் பயமும் இல்லை. அந்த நாவல் வந்த காலத்தில் அமெரிக்காவே சாத்தானிய பீதியில் இருந்தது. 1983-ல் கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் மக்மார்ட்டின் மழலையர் பள்ளியை நடத்தியவர்கள் மேல் எழுந்த குழந்தை வன்கொடுமைக் குற்றச்சாட்டுகளில் சாத்தானியச் சடங்குக் கதைகளும் வந்து ஒட்டிக்கொண்டன. 1990-ல் வழக்கு முடிந்தபோது ஒருவர்மேலும் குற்றம் நிரூபணமாகவில்லை. அதற்குள் குற்றம் சாட்டப்பட்ட ஒருவர் தீர்ப்பே இல்லாமல் 5 ஆண்டுகள் சிறையில் இருந்துவிட்டார். இன்னொரு பக்கம், தான் ஒருகாலத்தில் சாத்தானியப் பூசாரியாக இருந்ததாக மைக் வார்ன்கே 1972-ல் வெளியிட்ட 'தி சாத்தான் செல்லர்' என்ற சாட்சிப் புத்தகம் வாலிபர் கூட்டங்களில் கைமாறிக்கொண்டிருந்தது. 1992-ல் சிகாகோவின் 'கார்னர்ஸ்டோன்' என்ற கிறிஸ்தவப் பத்திரிகையே விசாரித்து, அந்தச் சாட்சி பொய் என்று எழுதியது. அந்தப் பத்திரிகைக்காரர்களின் துணிச்சலை நான் மிகவும் மதிக்கிறேன். பிள்ளைகளுக்குத் தீங்கு செய்தது நாவல் என்று பெயர் போட்டு வந்த பேய்க்கதையைவிட, உண்மை என்று சத்தியம் செய்துகொண்டு வந்த பேய்க்கதைதான். 'இது கற்பனை' என்று முதல் பக்கத்திலேயே சொல்லும் புத்தகம் பிள்ளையிடம் நேர்மையாக நடந்துகொள்கிறது.

பெரெட்டி அந்த நாவலோடு நின்றிருந்தால் நான் அவரைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். பிறக்கும்போதே அவருக்குக் கழுத்தில் கட்டி. பல அறுவை சிகிச்சைகள். நாக்கு வீங்கிக் கறுத்து வெளியே தள்ளியிருக்கும். பள்ளியில் அவர் பட்ட கேலிக்கும் அடிக்கும் கணக்கில்லை. 1999-ல் கொலம்பைன் பள்ளியில் இரண்டு மாணவர்கள் 13 பேரைச் சுட்டுக்கொன்றார்கள். அடுத்த ஆண்டே, தன் பள்ளிக்கால வதைகளைத் திறந்து சொல்லும் 'தி வூண்டட் ஸ்பிரிட்' என்ற நூலைப் பெரெட்டி எழுதினார். அதற்கும் அடுத்த ஆண்டு, பதின்பருவத்தினருக்கென்றே 'ஹேங்மேன்ஸ் கர்ஸ்'. ஓர் உயர்நிலைப் பள்ளியில் கால்பந்து வீரர்கள் ஒருவர் பின் ஒருவராகப் புத்தி பேதலித்து விழுகிறார்கள். எல்லார் வாயிலும் ஒரே பெயர்: அபேல் ஃபிரை. எத்தனையோ ஆண்டுகளுக்கு முன் அந்தப் பள்ளியில் தூக்குப்போட்டுக்கொண்ட மாணவனின் ஆவி என்கிறது பள்ளி வதந்தி. எலைஜா, எலீஷா என்ற இரட்டையர்கள் தங்கள் பெற்றோரோடு இதைத் துப்பறிய வருகிறார்கள்.

முடிச்சை நான் அவிழ்க்கப்போவதில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம்: விழுகிற மாணவர்கள் யார், அவர்கள் அதுவரை யாரை என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்ற கேள்வி வரும்போது, வாசிக்கிற பிள்ளைக்குத் தன் வகுப்பறை நினைவுக்கு வரும். கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பவனின் முகமும் வரும். அந்தப் பயம் புத்தகத்தை மூடிய பிறகும் போவதில்லை. போகவும் கூடாது.

1995-ல் வந்த பெரெட்டியின் 'தி ஓத்' இன்னும் ஆழமானது. ஹைட் ரிவர் என்ற மலையூரில் ஏதோ ஒன்று மனிதர்களைத் தின்கிறது. அது தின்னப்போகிற ஆளின் நெஞ்சுக்கு மேலே முதலில் ஒரு கறுப்புத் தடம் தோன்றுகிறது. பிறகு அது கசியத் தொடங்குகிறது. பக்கத்தில் இருப்பவர் மூக்கைச் சுளிப்பார். அந்த ஆளுக்கோ எதுவுமே தெரியாது. பழகிவிட்ட பாவத்தைப் பற்றி ஆயிரம் பிரசங்கம் கேட்டிருக்கலாம். சட்டையைத் தாண்டிக் கசிகிற அந்தக் கறையைப் போல எதுவும் மனதில் ஒட்டுவதில்லை. கதையின் நாயகனே ஒரு கட்டத்தில் தன் நெஞ்சைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. திருமண உறவு மீறல் கதையின் மையத்தில் இருப்பதால் சின்னப் பிள்ளைகளுக்கு இது வேண்டாம். பதினேழு வயதுக்காரர், வீட்டில் பெரியவர் ஒருவரும் சேர்ந்து படிக்கிறார் என்றால், தாராளமாகப் படிக்கலாம்.

பேய், ஆவி என்ற பேச்சே வீட்டில் கூடாது என்று சொல்பவர்களின் மனம் எனக்குப் புரிகிறது. மந்திரத்தையும் அஞ்சனத்தையும் விலக்கச் சொல்லும் வேதத்துக்குக் கீழ்ப்படிகிற ஆசைதான் அது. ஆனால் அதே வேதத்தில் 1 சாமுவேல் 28-ஆம் அதிகாரம் இருக்கிறது. அஞ்சனம் பார்க்கிறவர்களை நாட்டைவிட்டுத் துரத்திய சவுல் ராஜா, யுத்தத்துக்கு முந்தின இரவு வேடம் மாறி எந்தோரிலிருக்கும் ஒரு ஸ்திரீயைத் தேடிப் போகிறான். இறந்துபோன சாமுவேல் தீர்க்கதரிசி எழும்பி வருகிறதைக் கண்டு அவளே அலறுகிறாள். மறுநாள் சாவு என்ற செய்தியைக் கேட்டு ராஜா நெடுஞ்சாண்கிடையாகத் தரையில் விழுகிறான். அதற்குப் பிறகு வருவதுதான் எனக்கு எப்போதும் நடுக்கம் தருவது. அந்த ஸ்திரீ வீட்டிலிருந்த கொழுத்த கன்றை அடித்து, மாவு பிசைந்து அப்பம் சுட்டு, அவனைச் சாப்பிட வைக்கிறாள். சவுல் சாப்பிட்டுவிட்டு இருட்டிலே எழுந்து போகிறான். எந்த நவீன எழுத்தாளரும் இந்த முடிவுக்காகப் பொறாமைப்படலாம். இங்கே பயத்தின் வேர் ஆவியில் இல்லை. கீழ்ப்படியாமல் கீழ்ப்படியாமல் கடைசியில் யாருமே பதில் சொல்லாத இடத்துக்கு வந்து சேர்ந்த ஒரு மனிதனிடம் இருக்கிறது.

ஜான் பனியன் 1678-ல் வெளியிட்ட மோட்சப் பிரயாணமும் இதே வழிதான். திருநெல்வேலிச் சீமையின் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை அதைத் தழுவித்தான் 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காவியத்தைப் பாடி 1894-ல் வெளியிட்டார். அதனால் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளுக்கு இந்த மரபு புதிதில்லை. பனியனின் யாத்திரிகன் அப்பொல்லியோனோடு வாள் எடுத்துச் சண்டை போடுவது பலருக்கும் தெரியும். அதற்குப் பிறகு மரண இருளின் பள்ளத்தாக்கில், இருட்டில் ஒரு தீய ஆவி பின்னாலேயே மெல்ல வந்து அவன் காதில் தேவதூஷணங்களைக் கிசுகிசுக்கிறது. அவனோ அவை தன் மனதிலிருந்தே வருவதாக நம்பி நொறுங்கிப்போகிறான். ராத்திரி படுக்கையில் வேண்டாத எண்ணம் வந்து, 'நான் கெட்டவனா' என்று அழுகிற பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டியவர்களுக்குத் தெரியும், பயங்கரக் கதை எவ்வளவு பெரிய ஆறுதலாகும் என்று.

'சுத்தமான' திகில் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமென்றால் எம்.ஆர். ஜேம்ஸிடம் போக வேண்டும். போதகரின் மகன். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியிலும் பிறகு ஈட்டன் பள்ளியிலும் தலைவராக இருந்தவர். 1924-ல் புதிய ஏற்பாட்டுத் தள்ளுபடி ஆகமங்களை ஆங்கிலத்தில் தொகுத்த பெரிய அறிஞர். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு, நண்பர்களையும் மாணவர்களையும் அறையில் உட்காரவைத்து மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தான் எழுதிய பேய்க்கதையை வாசிப்பது அவர் வழக்கம். 1927-ல் டார்செட் கடற்கரையில் முகாமிட்டிருந்த ஈட்டன் சாரணப் பையன்களுக்கென்றே 'வெய்லிங் வெல்' என்ற கதையை எழுதி வாசித்தார். ஆட்டிடையன் போகாதே என்று எச்சரித்த வயல்கிணற்றுக்கு ஒரு பையன் திமிராகத் தண்ணீர் எடுக்கப் போகிறான். மற்றவர்கள் தூரத்து மேட்டிலிருந்து கத்துகிறார்கள், அவனுக்குக் கேட்கவில்லை. புதருக்குள்ளிருந்து கந்தல் உருவங்கள் ஒவ்வொன்றாக எழுந்து அவனை நோக்கி நகர்கின்றன. அவ்வளவுதான். ஜேம்ஸின் கலையே அடக்கம்: சொல்லாமல் விட்டதை வாசகன் தானே நிரப்பிக்கொள்வான்.

இன்றைய பிள்ளைகளுக்கு வேகம் வேண்டும் என்பதும் உண்மை. வயது பத்து, பதினொன்று என்றால் மேட்லின் லெங்கிளின் 'எ ரிங்க்கிள் இன் டைம்' (1962) போதும். காமசோட்ஸ் என்ற கிரகத்தில் ஒரே மாதிரி வீடுகளின் முன்னே எல்லாக் குழந்தைகளும் ஒரே தாளத்தில் பந்து தட்டுகின்றன. ஒரு பையனுக்கு மட்டும் தாளம் தவறிப் பந்து நழுவுகிறது; அவன் அம்மாவின் முகம் பயத்தில் வெளுக்கிறது. பயமுறுத்த அது போதும். இருளோடு போராடியவர்களின் பட்டியலில் இயேசுவோடு புத்தரையும் காந்தியையும் சேர்த்துவிட்டார் என்று சில கிறிஸ்தவர்கள் இதை எதிர்த்தார்கள். அந்த ஆட்சேபத்தை மறைக்காமல் பிள்ளையிடமே சொல்லி, பேசிப் பார்க்கலாம்.

பதின்மூன்றுக்கு மேல் என்றால் ஆண்ட்ரூ கிளாவன். பெரியவர்களுக்கான குற்ற நாவல்களுக்காக எட்கர் விருது வாங்கியவர். யூதக் குடும்பத்தில் பிறந்து, நடுவயதில், 2004-ல் ஞானஸ்நானம் பெற்றவர். அவருடைய 'தி லாஸ்ட் திங் ஐ ரிமெம்பர்' (2009) முதல் பக்கத்திலேயே பிடித்துக்கொள்ளும். சார்லி வெஸ்ட் என்ற மாணவன் வழக்கம்போல வீட்டில் படுத்துத் தூங்கியவன், கண் விழிக்கும்போது இரும்பு நாற்காலியில் கட்டப்பட்டிருக்கிறான். உடம்பெல்லாம் காயம். கதவுக்கு வெளியே அவனைக் கொன்றுவிடச் சொல்லும் குரல். இடையில் ஓர் ஆண்டு எங்கே போயிற்று என்று அவனுக்கே தெரியாது. கொலைப் பழியும் தலைமேல். இங்கே ஜெபம் மந்திரமாக வேலை செய்வதில்லை. சார்லி ஜெபிக்கிறான், ஆனாலும் அடுத்த பக்கத்தில் அவன்தான் ஓட வேண்டும். தான் உண்மையிலேயே கொலைகாரனாக இருந்தால் என்ன செய்வது என்ற சந்தேகமும் அவனை விடாமல் துரத்துகிறது. இருட்டைத் தனக்குள்ளும் தேடிப் பார்க்கிற அந்த நேர்மைக்காகவே இந்த வரிசையை முதலில் கொடுப்பேன். வாங்கும்போது ஒன்றை மறக்க வேண்டாம்: மொத்தம் நான்கு பாகங்கள், முதல் பாகத்தில் கதை முடியாது. இரண்டாவது பாகத்தையும் சேர்த்தே வாங்கிவையுங்கள். முதலாவதை முடித்த இரவே கேட்பார்கள்.