சரளைப் பாதையில் தங்கவயல்

ஊரிகம் இரயில் நிலையத்தில் பொழுது புலருமுன்னரே கூட்டம் சேர்ந்துவிடுகிறது. சாப்பாட்டுப் பையுடன் பெங்களூருக்கு வேலைக்குப் புறப்படும் மக்கள் அவர்கள். மீண்டும் வீடு திரும்ப இரவாகிவிடும். மார்கழி மாதத்தில், வங்கிக்கு விடுமுறையான ஓர் இரண்டாம் சனிக்கிழமை அன்று, நாங்கள் மூவர் அதே நிலையத்தின் வாசலில் மிதிவண்டிகளுடன் நின்றோம். பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போகிறவர்கள் ஒருபுறம். அந்த ஊரைப் பார்ப்பதற்கென்றே வந்த நாங்கள் மறுபுறம். இந்த முரண்பாடு அன்று முழுவதும் எங்கள் மனத்தைவிட்டு அகலவில்லை.

2018இல் வெளிவந்த கன்னடத் திரைப்படத்துக்குப் பின் ‘கே.ஜி.எஃப்.’ என்னும் பெயரை அறியாதவர் இல்லை. ஆயினும் படத்தை நினைத்து வருகிறவர்களிற் பலர், காரின் கண்ணாடி வழியே ஒரு மண்மேட்டைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கோலார் தங்கவயலை அறிய அந்த வேகம் உதவாது. மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகமே அதற்கு ஏற்றது. அது மிதிவண்டியின் வேகம்.

சரளை மிதிவண்டி

தார்ச்சாலையை விட்டு விலகி, சரளைப் பாதைகளிலும் ஏரிக்கரைகளிலும் வண்டித்தடங்களிலும் நெடுந்தொலைவு செல்வதை ‘கிராவல் சைக்கிளிங்’ என்கிறார்கள். அண்மைக் காலத்தில் உலகெங்கும் பரவியிருக்கும் விளையாட்டு இது. இதற்கான முதல் உலகப் போட்டி 2022இல் இத்தாலியில் நடைபெற்றது. பந்தயச் சாலை மிதிவண்டியின் டயர் பெரும்பாலும் 25 முதல் 28 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். சரளை மிதிவண்டிக்கு ஏறக்குறைய 38 முதல் 45 மில்லிமீட்டர். அகன்ற டயரில் காற்றைச் சற்றுக் குறைத்து வைத்தால், கல் மோதும் அதிர்ச்சியை டயரே தாங்கிக்கொள்ளும், பிடிமானமும் மிகும். மேட்டில் மெதுவாக ஏற உதவும் கியர் அமைப்பும் உண்டு.

இதற்காகப் புதிய வண்டி வாங்கியே தீரவேண்டும் என்பதில்லை. பால்காரரும் தபால்காரரும் ஓட்டிய நம் பழைய கறுப்பு மிதிவண்டியின் 28 × 1½ அங்குல டயரும் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் அகலமே. கிராமத்துச் சரளைச் சாலைக்கு அது எந்நாளும் ஏற்ற வண்டியாகவே இருந்துவந்தது. எங்களில் ஒருவர் கொண்டுவந்ததும் அத்தகைய வண்டிதான். மேட்டில் அவர் இறங்கித் தள்ளினார். மற்ற இடங்களில் எங்களுக்குச் சற்றும் பின்தங்கவில்லை.

பிரான்சில் ஒரு சுரங்க நாடு

இவ்வகைப் பயணத்துக்குப் பெயர்பெற்ற நாடு பிரான்ஸ். அங்கே 17ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட மிதி கால்வாயின் கரையிலும், கைவிடப்பட்ட இருப்புப்பாதைகளிலும் மிதிவண்டியில் சென்று பழைய கோட்டைகளையும் தேவாலயங்களையும் கண்டு வருகிறார்கள். அந்நாட்டின் வடக்கே நிலக்கரிச் சுரங்கப் பகுதி ஒன்று இருக்கிறது. பாரிஸ்–ரூபே என்னும் புகழ்பெற்ற மிதிவண்டிப் பந்தயம் அதன் வழியாகவே செல்கிறது. ஆரன்பெர்க் காட்டிலுள்ள கருங்கல் பாவிய கடினமான சாலை, 1968இல் அப்பந்தயத்தில் சேர்க்கப்பட்டது. அதைப் பரிந்துரைத்தவர் 1962இன் உலகச் சாம்பியனான ழான் ஸ்டப்லின்ஸ்கி. சிறுவயதில் அச்சாலைக்கு அடியிலிருந்த சுரங்கத்தில் வேலை செய்தவர் அவர்.

அப்பகுதியின் கடைசிச் சுரங்கம் 1990இல் மூடப்பட்டது. 2012இல் யுனெஸ்கோ, சுரங்கக் கோபுரங்கள், தொழிலாளர் குடியிருப்புகள், கழிவு மேடுகள் உட்பட அந்தச் சுரங்க நாட்டையே உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. வேலை போன ஊரிலும் காண்பதற்கும் கற்பதற்கும் நிறைய உண்டு என்பதை அம்மக்கள் உணர்ந்திருந்தார்கள். நம் தங்கவயலுக்கும் அது பொருந்தும்.

தங்கம் வெளியே சென்றது. பிற யாவும் வெளியிலிருந்து வந்தன

மாரிக்குப்பம் பகுதி மக்கள் மண்ணை அலசிப் பொன் எடுப்பதை 1802இல் கண்டறிந்தவர் ஜான் வாரன் என்னும் படை அதிகாரி. 1880இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் வந்த பிறகு சுரங்கத் தொழில் பெருகியது. மைசூர், சாம்பியன் ரீப், ஊரிகம், நந்திதுர்க்கம் ஆகியவை முதன்மையான சுரங்கங்கள். சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்துக்குச் சென்றது. அண்டவெளிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதும்போது தோன்றும் நியூட்ரினோ என்னும் நுண்துகளை 1965இல் இந்திய, ஜப்பானிய, பிரிட்டிஷ் அறிவியலாளர்கள் இச்சுரங்கத்தில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கண்டறிந்தார்கள். ஏறத்தாழ 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் வெட்டப்பட்டது. வருவாயைக் காட்டிலும் செலவு மிகுந்தமையால் 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன.

இத்தொழிலுக்கு இவ்விடத்தில் கிடைத்தது பாறையும் பொன்னும் மட்டுமே. உழைப்பு வட ஆற்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து வந்தது. இன்றும் ஊரிகத்துத் தெருக்களில் தமிழே ஒலிப்பதற்கு அதுவே காரணம். மின்சாரம் சிவசமுத்திரம் அருவியிலிருந்து சுமார் 148 கிலோமீட்டர் கம்பி வழியே 1902இல் வந்தது. பெங்களூர் நகரம் மின்விளக்கைக் கண்டது அதற்கு மூன்று ஆண்டுகளுக்குப் பின்னரே. இருப்புப்பாதை 1894இல் பங்காருப்பேட்டையிலிருந்து வந்தது. தண்ணீர் பாலாற்றங்கரையிலுள்ள பேத்தமங்கலம் ஏரியிலிருந்து வந்தது. அந்தத் தண்ணீர் வந்த திசையை நோக்கியே எங்கள் பயணத்தை அமைத்துக்கொண்டோம்.

ஊரிகத்திலிருந்து ஆவணி வரை

ஊரிகத்திலிருந்து ராபர்ட்சன்பேட்டையைக் கடந்து வடகிழக்கே திரும்பினால் நகரம் விரைவில் முடிந்துவிடுகிறது. ராகி வயல்கள், மாந்தோப்புகள், இடையிடையே உருண்டைப் பாறைகள் நிறைந்த குன்றுகள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர் உயரம் ஆதலால் மார்கழிக் காலையில் கைவிரல் விறைக்கும் குளிர் இருந்தது.

முதலில் வருவது கம்மசந்திரம். இங்குள்ள கோடிலிங்கேஸ்வரர் கோயிலில் 108 அடி உயரமுள்ள லிங்கம் இருக்கிறது. அதைச் சுற்றிப் பக்தர்கள் பிரதிட்டை செய்த சிறு லிங்கங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அங்கிருந்து தார்ச்சாலையை விட்டு, மாட்டுவண்டித் தடங்களின் வழியே பேத்தமங்கலத்தை அடைந்தோம். நகரிலிருந்து இது ஏறக்குறைய 10 கிலோமீட்டர்.

பேத்தமங்கலம் ஏரி, சுரங்கத்தைவிடப் பல நூற்றாண்டுகள் பழமையானது. பாண மன்னன் விசயாதித்தன் பெயரால் இவ்வூர் ‘விசயாதித்தமங்கலம்’ எனப்பட்டது. நுளம்பர் காலத்தில் ஏரி செப்பனிடப்பட்ட செய்தியைக் கல்வெட்டு தெரிவிக்கிறது. கரையில் வண்டியை நிறுத்தி நீர்ப்பரப்பை நோக்கியபோது ஒன்று விளங்கிற்று. சுரங்கத்தை நடத்தியவர்கள் இயந்திரங்களைக் கடல் கடந்து கொண்டுவந்தார்கள். தொழிலாளர் குடித்த நீருக்கோ, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எவரோ கட்டிய கரையையே நம்பியிருந்தார்கள்.

ஏரியிலிருந்து வடக்கே குன்றுகளை நோக்கிச் செல்லும் பாதை சற்றுக் கடினமானது. சில இடங்களில் சரளை பெயர்ந்து மணல் மேவியிருக்கும். அங்கே பிரேக்கைச் சட்டென்று பிடிக்காமல், எடையைப் பின்னுக்குத் தள்ளி வண்டியைத் தன்போக்கில் விடுவதே பாதுகாப்பு. ஒரு மணி நேரத்துக்கும் மேலாக மிதித்த பிறகு ஆவணி மலை தெரிந்தது. மலையடிவாரத்தில் நுளம்பர் காலத்து இராமலிங்கேசுவரர் கோயில் தொகுதி இருக்கிறது. இராமர், இலட்சுமணர், பரதர், சத்துருக்கனர் பெயர்களால் வழங்கும் சிவன் சன்னிதிகள் ஒரே வளாகத்தில் நிற்கின்றன. வால்மீகி ஆசிரமம் இங்கிருந்தது என்பதும், இலவ குசர் பிறந்தது இங்கே என்பதும் மக்களின் நம்பிக்கை. மலையுச்சியில் சீதைக்குக் கோயில் உண்டு.

10ஆம் நூற்றாண்டில் நாற்பது ஆண்டுகள் இத்தலத்தின் தலைவராக இருந்த திரிபுவனகர்த்தர் என்னும் துறவி, ஐம்பது கோயில்களையும் இரண்டு பெரிய ஏரிகளையும் அமைத்தார் என்கிறது ஒரு கல்வெட்டு. துறவியின் கணக்கிலும் கோயிலோடு ஏரி சேர்ந்தே எழுதப்பட்டிருக்கிறது. வறண்ட இந்நிலத்தில் நீரே முதல் என்பதை அறிந்தவர்கள் அவர்கள். போக வர எங்களுக்கு 50 கிலோமீட்டர் அளவு ஆயிற்று.

மறுநாளும் தங்க இயன்றவர்கள் மேற்கே, ஐதர் அலி பிறந்த ஊராகிய பூதிக்கோட்டைக்குச் செல்லலாம். கோலார் நகரின் கோலாரம்மன் கோயிலில் இராசேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. சோழர் கல்வெட்டுகளில் ‘குவளாலம்’ என வருவது இந்தக் கோலாரே.

ஏறக்கூடாத மேடு

மாலையில் ஊரிகம் திரும்பித் தேநீர்க் கடையில் அமர்ந்தோம். பழுப்பு நிற மண்மேடுகளின் மீது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மிதிவண்டியில் ஏறி இறங்கத் தூண்டும் வடிவம் அவற்றுக்கு. எங்களில் இளையவர் அதைச் சொன்னபோது, அருகிலிருந்த ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளர் குறுக்கிட்டார்.

“அது மேல மட்டும் போவாதீங்க சார். அது மண்ணு இல்ல, நாங்க ஒடைச்ச பாறை.”

அவர் சொன்னதை விளக்குவது எங்கள் கடமை. வெட்டிய பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் இட்டுப் பொன்னைப் பிரித்தெடுத்தார்கள். எஞ்சிய நுண்மணலே இம்மேடுகள். இதில் சிலிக்கா மிகுதி. காற்றில் கலந்த இத்தூள் நெடுங்காலம் சுவாசத்தில் சேர்ந்தால் நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கோசிஸ் நோயை உண்டாக்கும்; சுரங்கத்துக்குள் அந்நோயைப் பெற்றவர் பலர். பிரான்சின் நிலக்கரி மேடுகளில் மக்கள் நடைபயிலலாம். இங்கே அவ்வாறு செய்தல் கூடாது. சக்கரம் கிளப்பும் தூசி நம்மோடு திரும்பிவிடுவதில்லை. மேட்டின் அடியிலுள்ள லைன் வீடுகளில் போய்ப் படிகிறது.

தேநீருக்குப் பணம் கொடுக்க முயன்றோம். அவர் விடவில்லை. “ஊரைப் பாக்க வந்திருக்கீங்க, நாளைக்கு நாலு பேர்கிட்ட ஊரு இருக்குன்னு சொல்லுங்க, போதும்” என்றார். இக்கட்டுரை எழுதுவதற்கு அச்சொல்லே காரணம்.

புறப்படுமுன் நினைவிற் கொள்ளத்தக்கவை

ஐப்பசி முதல் மாசி வரை ஏற்ற காலம். விடியலில் புறப்பட்டு நண்பகலுக்குள் பெரும்பகுதியை முடித்துக்கொள்வது நன்று.

கருவேல முள் இப்பாதைகளில் மிகுதி. இரண்டு மாற்று டியூப், பஞ்சர் ஒட்டும் பொருள்கள், கைப்பம்பு ஆகியவை இன்றிச் செல்லவேண்டா. தலைக்கவசம் கட்டாயம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது வேண்டும்.

மூடிய சுரங்க வளாகங்களுக்குள் அனுமதியின்றி நுழைதல் கூடாது. பழைய சுரங்க வாய்கள் ஆபத்தானவை. தெற்கே காமசமுத்திரம் பக்கத்துக் காடுகளில் யானை நடமாட்டம் உண்டு. உள்ளூர் மக்களைக் கேளாமல் அங்கே செல்ல வேண்டா.

கைப்பேசியில் பணம் செலுத்தும் வசதி சிற்றூர்க் கடைகளிலும் உள்ளது. ஆயினும் குன்றுகளிடையே சிக்னல் விட்டுப்போகும். பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களாகச் சிறிது வைத்திருங்கள். உணவையும் நீரையும் பெங்களூரிலிருந்து சுமந்து வராமல் வழியிலுள்ள கடைகளில் வாங்குங்கள். ஒரு பயணி செலவிடும் இருநூறு ரூபாய் சிறு தொகைதான். அது அந்த ஊரிலேயே தங்குகிறது.

சாலையில் மிதிவண்டி ஓட்டுகிறவர் விபத்துக் காப்பீடின்றி இருத்தல் தகாது. பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் 18 முதல் 70 வயது வரையுள்ள சேமிப்புக் கணக்குதாரர் சேரலாம். ஆண்டுக்கு 20 ரூபாய் கணக்கிலிருந்து தானாகவே பிடிக்கப்படும். விபத்தில் இறப்போ முழுமையான நிரந்தர ஊனமோ நேர்ந்தால் 2 லட்சம் ரூபாயும், பகுதி நிரந்தர ஊனத்துக்கு 1 லட்சம் ரூபாயும் கிடைக்கும். காப்புக் காலம் ஜூன் 1 முதல் மே 31 வரை. பிரீமியம் பிடிக்கப்படும் நாளில் கணக்கில் போதிய இருப்பு இல்லையேல் காப்பு அற்றுப்போகக்கூடும் என்பதை மறவாதீர்கள். வாரிசு நியமனம் பதிவாகியுள்ளதா என்பதையும் கிளையில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இரவு நாங்கள் புறப்படும் வேளையில் பெங்களூரிலிருந்து இரயில் வந்து நின்றது. காலையில் சென்றவர்கள் சாப்பாட்டுப் பையுடன் இறங்கி, லைன் வீடுகளை நோக்கி நடந்தார்கள். ஊர் இருக்கிறது.