எழாத புகைக்கு ஒரு கணக்கு

ஆடி மாதத்து ஞாயிறொன்றில் பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலுக்கு அருகே நின்றுகொண்டிருந்தேன். வேப்பிலையாடை உடுத்தி வலம் வருவோரின் கூட்டம் நெரிந்தது. என்னோடு நெடுநாள் பழகிய உழவர் ஒருவர் அருகே வந்து, “ஐயா, மரம் வைத்திருப்பவனுக்குப் புகை விடுகிற ஆலைக்காரர் பணம் கொடுப்பாராமே! என் வரப்பில் முப்பது வேம்பு நிற்கிறது. எனக்கு எவ்வளவு வரும்?” என்று கேட்டார். அந்த இரைச்சலில் அவருக்குப் பாதி விடைதான் கூற முடிந்தது. முழு விடையையும் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

நேயர்களே, காற்றுக்கு வேலி இல்லை. கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பை உருக்கும் உலையின் பொருட்டு எழும் கரியமில வாயுவும், ஆயிரம் கல் தொலைவில் எழுவதும் ஒரே வானில் கலந்துவிடுகின்றன. ஆகவே ஓரிடத்தில் ஒரு டன் கூடி, மற்றோரிடத்தில் ஒரு டன் குறைந்தால், உலகின் வெப்பக் கணக்கு நேராகிவிடும் என்பது இம்முறையின் அடிப்படை. குறைத்த ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு சான்று. அச்சான்று விற்பனைக்கு உரியது. 2022ஆம் ஆண்டில் திருத்தப்பெற்ற எரிசக்திச் சேமிப்புச் சட்டம் இதற்கு வழி வகுத்தது. 2023 ஜூனில் நடுவணரசு கார்பன் வரவு வணிகத் திட்டத்தை அறிவித்தது.

இத்திட்டத்துக்குக் கிளைகள் இரண்டு. ஒன்று கட்டாயமானது. அலுமினியம், சிமெண்டு, குளோர்-ஆல்கலி, காகிதக்கூழ் ஆகிய நான்கு துறைகளைச் சேர்ந்த 282 ஆலைகளுக்கு 2025 அக்டோபரில் இலக்குகள் விதிக்கப்பட்டன. ஒரு டன் சரக்குக்கு இவ்வளவு வாயுதான் என்பது வரம்பு. அதற்கும் கீழே இறங்கியவர் சான்று பெறுவார். தவறியவர் விலைகொடுத்து வாங்குவார். மற்றொன்று 2023 டிசம்பரில் சேர்க்கப்பட்ட ஈட்டு முறை. கட்டாயத்துக்கு உட்படாதவர் தாமே முன்வந்து, குப்பைமேட்டு வாயுவைப் பிடித்தோ, சீர்கெட்ட கழியோரத்தில் அலையாத்தி நட்டோ சான்று பெறலாம். திட்டத்தை ஏற்கப்பட்ட முறைப்படி எழுதிப் பதிய வேண்டும். அதில் தொடர்பில்லாத ஆய்வாளர் வந்து அளந்து பார்க்க வேண்டும். அதன் பின்னரே சான்று கிடைக்கும். ஒரே டன்னை இருவருக்கு விற்றுவிடாதபடி ஒரு பதிவேடும் உண்டு.

இனி அந்த வேப்பமரங்களுக்கு வருவோம். அவை உழவரின் பாட்டனார் வைத்தவை. சான்று என்ற ஒன்று பிறவாதிருந்தாலும் அவை நின்றிருக்கும். ஆதலால் அவற்றுக்கு ஒரு காசும் கிடையாது. இத்திட்டம் இல்லாவிடில் என்ன நடந்திருக்கும், இதனால் என்ன நடந்தது என்ற இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டுக்கே மதிப்பு. நடந்ததை அளக்கலாம். நடவாததை எவ்வாறு அளப்பது? அதை ஊகித்தே எழுத வேண்டும். எழுதுபவரோ பெரும்பாலும் விற்பவர்!

இந்த ஊகம் எங்கே கொண்டுபோய்விடும் என்பதை நம் நாடு முன்பே கண்டிருக்கிறது. 1997இல் உருவான கியோட்டோ உடன்படிக்கையின்கீழ் நம் ஆலைகள் பல அயல்நாடுகளுக்குச் சான்றுகள் விற்றன. குளிர்சாதனங்களுக்கான வாயு ஒன்றைச் செய்யும்போது எச்.எஃப்.சி.-23 என்ற கழிவு வாயுவும் உடன் பிறக்கும். அது கரியமில வாயுவைப்போல் 11,700 மடங்கு வெப்பத்தைப் பிடிப்பது என்று அன்று கணக்கிட்டார்கள். ஒரு டன்னை எரித்தால் 11,700 சான்றுகள்! எரிக்கும் செலவோ சொற்பம். கழிவை எரித்துப் பெறும் காசுக்காகவே உலகில் சில ஆலைகள் சரக்கை மிகுதியாகச் செய்கின்றன என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 2013 மே முதல் ஐரோப்பியச் சந்தை அத்தகைய சான்றுகளை ஏற்க மறுத்தது. அதற்கு முன்பே, 2012 இறுதியில், பொதுவாகச் சான்றின் விலை ஒரு யூரோவுக்கும் கீழே விழுந்திருந்தது. 2016இல் நம் அரசு, அக்கழிவு வாயுவை ஆலைகள் தம் செலவிலேயே அழிக்க வேண்டும் என்று ஆணையிட்டது. முன்பு பணம் கொடுத்து நடந்த வேலை, பின்னர் ஓர் ஆணையால் நடந்தது. இதை எண்ணும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வருத்தமும் சேர்ந்தே வருகின்றன.

மற்றொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஈடு என்பது வெப்பத்தைப் பிடிக்கும் வாயுக்களுக்கு மட்டுமே. உலைக்கு அருகில் குடியிருப்பவர் வீட்டுத் திண்ணையில் படியும் கரித்தூளை, எங்கோ நட்ட மரம் துடைக்காது. அதற்கு வேறு சட்டங்கள் இருக்கின்றன. சான்று வாங்கிவிட்டோம் என்று அவற்றை மறந்துவிட முடியாது.

பின்னொரு நாள் அந்த உழவரை ஆரணியாற்றங்கரையில் சந்தித்தபோது இவற்றையெல்லாம் கூறினேன். “அப்படியானால் புதிதாக வைக்கட்டுமா, ஐயா?” என்றார். “வைக்கலாம், யாராவது கையெழுத்துக் கேட்டு வந்தால், எத்தனை ஆண்டு வெட்டாமல் காக்க வேண்டும், ஆய்வாளருக்குக் கூலி கொடுப்பவர் யார், புயலில் மரம் சாய்ந்தால் நட்டம் யாருடையது என்ற மூன்றையும் முதலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்” என்றேன். ஓரிருவர் நிலத்துக்கு அளவைச் செலவே வரவை விழுங்கிவிடக்கூடும். பலர் சேர்ந்தால்தான் கட்டும் என்பதையும் சொன்னேன். அவர் விரல்விட்டு ஏதோ கணக்குப் பார்த்தார். அண்டை நிலத்துக்காரரையும் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் புறப்பட்டார்.