மழை இரவில் நடுங்கும் பன்றிக்குட்டி

கால்நடை அறிவியல் படிக்கிறேன் என்றதும் நண்பர்கள் தீவனத்தைப் பற்றியும் தடுப்பூசியைப் பற்றியும்தான் கேட்பார்கள். கொட்டகையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால், பன்றிக்குட்டி பிழைப்பதும் எடை கூடுவதும் அதன் கொட்டகையைப் பொறுத்தவை. பண்ணையாளரின் செலவும் அப்படித்தான்.

பிறந்த குட்டியின் எடை சுமார் 1.4 கிலோ. உடலில் கொழுப்பு மிகக் குறைவு என்பதால், முதல் சில நாள்களுக்கு அதற்கு 32 முதல் 34 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. மலேசியாவில் மழை பெய்யும் இரவில் வெப்பநிலை 24 டிகிரிக்கு இறங்கும். நமக்கு அது இதம். ஈரச் சிமெண்டுத் தரையில் படுத்திருக்கும் குட்டிக்கோ கடுங்குளிர். குளிரில் சோர்ந்த குட்டி சீம்பாலைச் சரியாகக் குடிக்காது. கதகதப்புக்காகத் தாயை ஒட்டிப் படுத்து, தாய் புரளும்போது நசுங்கி இறப்பதும் உண்டு. பிழைத்தாலும், குடித்த பாலின் சத்து உடல் சூட்டைக் காப்பதற்கே செலவாகிவிடும்.

அப்படியானால் கொட்டகை முழுவதையும் சூடாக்கிவிடலாமா? கூடாது. தாய்ப்பன்றிக்கு ஏற்றது சுமார் 18 முதல் 22 டிகிரி. நம்மைப் போல் வியர்த்து உடலைத் தணித்துக்கொள்ள அதனால் முடியாது. சூடு கூடினால் தீவனம் எடுப்பது குறையும், பாலும் குறையும். ஆகவே, தாய்க்கு நல்ல காற்றோட்டமும் கழுத்தில் சொட்டும் நீரும் வேண்டும். அதே அறையின் ஒரு மூலையில் குட்டிகளுக்கு உலர்ந்த விரிப்பும் வெப்ப விளக்கும் வேண்டும்.

இதற்குச் செலவாகுமே என்பீர்கள். ஒரு கணக்குப் போடுவோம். ஓர் ஈற்றுக்குத் தீவனம், மருந்து, கூலி எல்லாம் சேர்த்து 600 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். 12 குட்டிகளும் தேறினால் ஒரு குட்டிக்கு 50 ரிங்கிட். இரண்டு இறந்தால் அதுவே 60 ரிங்கிட்டாகிவிடும். 175 வாட் விளக்கு நாள் முழுவதும் எரிந்தால் 4.2 யூனிட் மின்சாரம். 10 நாள்களுக்கு 42 யூனிட். யூனிட் 50 சென் என்றால் 21 ரிங்கிட். விளக்குச் செலவைச் சேர்த்து, இறக்கவிருந்த இரண்டில் ஒன்றை மட்டும் காப்பாற்றினாலும், குட்டிக்கு ஆகும் செலவு ஏறத்தாழ 56 ரிங்கிட்தான்.

மாணவர்களே, பண்ணைக்குப் பயிற்சிக்குச் சென்றால் வெப்பமானியை உங்கள் தலை உயரத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். குட்டி படுக்கும் இடத்தில் வையுங்கள். குட்டிகளையும் கவனியுங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்திருந்தால் குளிர்கிறது. விளக்கைவிட்டு விலகிக் கிடந்தால் சுடுகிறது. பக்கம் பக்கமாகப் படுத்து நிம்மதியாகத் தூங்கினால், கொட்டகை சரியாக இருக்கிறது என்று பொருள்.