படத்தில் இடம் இல்லை! ஆட்டத்தில் இடம் உண்டு!

கூடைப்பந்து கோஷ்டியில் பலர் இருப்பார்கள். ஆனால் ஒரே நேரத்தில் 5 பேர்தான் ஆடலாம். மற்றவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். ஆகவே, ஆட்டம் தொடங்கும்போதே இறங்கும் அந்த 5 பேரில் ஒருவராக இருப்பது பெரிய கௌரவம்.

அந்த இடத்தை நேற்று வந்த ஒரு மாணவன் பிடித்துக்கொண்டால்? பழைய ஆட்டக்காரர்களின் மனம் கோணாதா? புது மருமகள் வந்த வீடு போலத்தான்! பெரியவர்கள் பக்குவமாக நடந்தால் வீடு செழிக்கும். இல்லாவிட்டால் சண்டைதான்.

அமெரிக்காவில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 1981-ம் ஆண்டு இந்த நிலைமை ஏற்பட்டது.

காலியான இடம்

அந்த ஆண்டு மார்ச் மாதம், கல்லூரிகளுக்கான இறுதிப் போட்டியில் வட கரோலினா தோற்றது. இண்டியானா பல்கலைக்கழகம் 63-50 என்ற கணக்கில் வென்றது. தோல்வியோடு இன்னொரு கவலையும் சேர்ந்தது. புள்ளிகளைக் குவித்து வந்த ஆல் உட் படிப்பை முடித்து வெளியேறினார். அவர் இடத்துக்கு யார்?

அப்போது வந்து சேர்ந்தார், 18 வயது மைக்கேல் ஜோர்டான்.

பயிற்சியாளர் டீன் ஸ்மித் கண்டிப்பானவர். புது மாணவர்களை அவர் எளிதில் முதல் 5 பேரில் சேர்க்கமாட்டார். பயிற்சியின்போது வெளியே ஓடும் பந்தை எடுத்து வருவது, சாமான்களைச் சுமப்பது எல்லாம் புதியவர்களின் வேலை!

ஆனால் ஜோர்டானின் திறமை ஸ்மித்தின் கண்ணில் பட்டது. ஜிம்மி பிளாக், ஜேம்ஸ் வொர்தி, சாம் பெர்கின்ஸ், மாட் டோஹர்ட்டி ஆகிய 4 பேருடன், 5-வது ஆளாக ஜோர்டானை இறக்கினார்.

4 பேர் படம்

இதற்கிடையே, ஒரு பிரபல விளையாட்டுப் பத்திரிகை தன் அட்டையில் வட கரோலினாவின் படத்தைப் போட விரும்பியது. ஸ்மித் பழைய ஆட்டக்காரர்கள் 4 பேரை மட்டுமே நிற்க வைத்தார். இன்னும் ஒரு பந்தயம்கூட ஆடாதவருக்கு அட்டைப்படம் எதற்கு என்பது அவர் எண்ணம். திறமைக்கு ஆட்டத்தில் இடம் கொடுத்தார். மூத்தவர்களின் மரியாதையையும் காப்பாற்றினார்!

ஸ்மித்தின் கோஷ்டியில் இன்னொரு பழக்கம் உண்டு. பந்தைக் கூடையில் போட்டவர், அந்தப் பந்தைத் தனக்குக் கொடுத்தவரை விரலால் சுட்டிக்காட்டி நன்றி சொல்ல வேண்டும். புகழ் இரண்டு பேருக்கும் சொந்தம்!

கடைசி விநாடிகள்

1982-ம் ஆண்டு மார்ச் 29-ந் தேதி. நியூ ஆர்லியன்ஸ் நகரில் இறுதிப் போட்டி. 60 ஆயிரத்துக்கும் அதிகமான ரசிகர்கள் கூடியிருந்தார்கள்.

எதிரி, ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம். அந்தக் கோஷ்டியிலும் ஒரு புது மாணவர் இருந்தார். அவர்தான் நெட்டை மனிதர் பாட்ரிக் யூவிங்.

ஆட்டம் முடிய அரை நிமிடமே பாக்கி. ஜார்ஜ்டவுன் 62; வட கரோலினா 61. எதிரிகள் வொர்தியையும் பெர்கின்சையும் சூழ்ந்துகொள்வார்கள் என்று ஸ்மித் கணக்குப் போட்டார். வழி கிடைத்தால் ஜோர்டானே பந்தைப் போட வேண்டும் என்றார்.

மூத்த மாணவர் பிளாக் பந்தை வீசினார். புது மாணவர் ஜோர்டான் அதை வாங்கி எறிந்தார். கூடைக்குள் விழுந்தது பந்து!

63-62. வட கரோலினாவுக்கு வெற்றி!

அன்று வொர்தி 28 புள்ளிகள் எடுத்தார். ஜோர்டான் எடுத்தவை 16. அதற்கு முன் 6 முறை கடைசி 4 கோஷ்டிகளில் ஒன்றாக வந்தும் ஸ்மித்துக்குக் கிட்டாத பட்டம், 7-வது முறை கிட்டியது.

பிற்காலத்தில் ஜோர்டான் உலகப் புகழ் பெற்றார். ஆனால் அன்றைய வெற்றி அவர் ஒருவரால் வந்தது அல்ல. புதியவர் பணிந்தார், மூத்தவர் பந்தைக் கொடுத்தார். கோஷ்டி ஜெயித்தது!