பிராணவாயுவும் ஊதாப் பாக்டீரியாக்களும்

வாளையாற்றுக்கும் பாலக்காட்டு நகருக்கும் இடையே அமைந்துள்ளது கஞ்சிக்கோடு. சுற்றிலும் நெல்வயல்கள், நடுவே கேரளத்தின் முக்கியமான தொழிற்பகுதிகளுள் ஒன்று. நீர் தேங்கிய வயற்சேற்றிலும், கரிமக் கழிவு மிகுந்த குட்டையிலும் ஒருங்கே வாழவல்லவை ஊதாப் பாக்டீரியாக்கள். இவை ஒளிச்சேர்க்கை செய்பவை. எனினும் பச்சைத் தாவரங்களைப் போலப் பிராணவாயுவை வெளிவிடுவதில்லை. பிராணவாயுவின் அளவுக்கேற்ப இவற்றின் வளர்ச்சியும் நிறமும் மாறும் விதத்தை அறிந்துகொள்வது, கழிவுநீர் மேலாண்மையில் ஈடுபட்டுள்ளோருக்கு நேரிடையாகப் பயன்படும்.

இரு வாழ்க்கை முறைகள்

ரோடோபாக்டர் ஸ்பீராய்டிஸ் என்னும் இனத்தை எடுத்துக்கொள்வோம். பிராணவாயு தாராளமாகக் கிடைத்தால், இது இருளிலும் சுவாசித்து நன்கு வளரும். அந்நிலையில் செல்கள் ஏறத்தாழ நிறமற்றே இருக்கும். பிராணவாயு மிகக் குறையும்போது, ஒளியைக் கவரும் பாக்டீரியோகுளோரோஃபில், கரோட்டினாய்டு ஆகிய நிறமிகளும் அவற்றைத் தாங்கும் சவ்வுகளும் உருவாகின்றன. பிராணவாயு அறவே இல்லாதபோது வளர்ப்பு பழுப்பு நிறம் கொள்ளும். சிறிதளவு இருந்தால், மஞ்சள் நிறக் கரோட்டினாய்டு செந்நிற வடிவமாக மாறுவதால் சிவக்கும்.

பொருளியல் நோக்கில் இது சிக்கனமே. மலிவான வழியில் ஆற்றல் கிடைக்கையில், விலை மிகுந்த இயந்திரத்தை நிறுவ எந்தத் தொழிலும் முன்வராது. பாதுகாப்பும் ஒரு காரணமாகும். பாக்டீரியோகுளோரோஃபில், ஒளி, பிராணவாயு ஆகிய மூன்றும் சேர்ந்தால் செல்லுக்கு நஞ்சாகும் பொருள்கள் தோன்றுகின்றன. இயல்பான கரோட்டினாய்டுகளை இழந்த ஒரு திரிபு வகை, காற்றும் ஒளியும் ஒருங்கே பட்டபோது மடிந்தது என்பதை 1955-இல் வெளியான ஆய்வு காட்டியது. பிராணவாயு உள்ளபோது நிறமி மரபணுக்களை அடக்கிவைக்கும் புரதங்களும் பின்னர்க் கண்டறியப்பட்டன.

கோஹன்-பசீர், சிஸ்ட்ரோம், ஸ்டேனியர் ஆகியோர் 1957-இல் வெளியிட்ட ஆய்வு மற்றோர் உண்மையை உணர்த்திற்று. காற்றைச் செலுத்தியதும் நிறமி உற்பத்தி உடனே நின்றுவிடுகிறது, வளர்ச்சியோ தொடர்கிறது. ஏற்கனவே உள்ள நிறமி பெருகிவரும் செல்களிடையே பங்கிடப்பட்டு நீர்த்துப்போகிறது. ஆகவே, நிறம் வெளிறுவது பாக்டீரியாக்கள் அழிந்ததற்குச் சான்றாகாது.

எல்லா இனங்களுக்கும் இவ்விதி பொருந்தும் எனக் கொள்ளலாகாது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 1982-இல் பெயரிட்ட எரித்ரோபாக்டர் லாங்கஸ் என்னும் கடல்வாழ் இனம், பிராணவாயு உள்ள சூழலிலேயே பாக்டீரியோகுளோரோஃபிலை உருவாக்குகிறது.

நடைமுறைப் படிப்பினைகள்

கழிவுக் குட்டை இளஞ்சிவப்பாக மாறினால், சிலர் சாயம் கலந்துவிட்டதென அஞ்சக்கூடும். சிலர் நீர் தூய்மையடைகிறதென மகிழக்கூடும். இரண்டுமே அவசர முடிவுகள். நிறத்துக்குக் காரணம் ஊதாப் பாக்டீரியாக்கள்தாம் என்று ஆய்வகத்தில் உறுதியானால், அது முதலில் உணர்த்துவது பிராணவாயுப் பற்றாக்குறையையே. அத்தகைய நீரில் மீன்கள் வாழ்வது அரிது.

இவை கரிம அமிலங்களை உண்டு கழிவின் சுமையைக் குறைக்கின்றன என்பதும் மெய்யே. காற்றூட்டும் பொறிகளுக்கான மின்செலவு இதனால் மிச்சப்படலாம். ஆனால் பெருகிய செல்களைப் பிரித்தெடுக்காமல் நீரை வெளியேற்றினால், கழிவு வேறு வடிவில் ஆற்றைச் சேரும். உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீரின் உயிர்வேதிப் பிராணவாயுத் தேவை லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது பொதுவான தர வரம்பாகும். அந்த வரம்பை அளவையால் மெய்ப்பிக்க வேண்டுமேயன்றி, நிறத்தால் அன்று.

நிறமியே நோக்கமாயின், முதலில் காற்றூட்டிச் செல்களைப் பெருக்கி, பின்னர்க் காற்றைக் குறைப்பது ஒரு வழி. கழிவகற்றலே நோக்கமாயின், குட்டையின் ஆழம், ஒளி, பிராணவாயு ஆகியவற்றை நாள்தோறும் பதிவு செய்தல் வேண்டும். கஞ்சிக்கோடு போன்று தொழிலும் வேளாண்மையும் ஒரே நீரை நம்பியிருக்கும் இடங்களில், பிராணவாயு அளவியின் சிறு செலவைத் தவிர்ப்பது சிக்கனமாகாது. அதன் விலையைக் கீழ்மடை உழவரே செலுத்த நேரிடும்.