வரி கேட்கும் அரசும் ஜெப வீட்டின் வாசலும்

ஆவடி டாங்கி தொழிற்சாலையிலோ அம்பத்தூர் எஸ்டேட்டிலோ வேலை பார்க்கும் கிறிஸ்தவக் குடும்பங்களில் தசமபாகம் பற்றிப் பேச்சு எழுந்தால், கூடவே ஒரு கேள்வியும் எழும். பத்தில் ஒரு பங்கை எதிலிருந்து கணக்கிடுவது? வருமான வரியும் பி.எஃப்.பும் பிடிப்பதற்கு முந்தைய முழுச் சம்பளத்திலிருந்தா, பிடித்தம் போகக் கைக்கு வரும் தொகையிலிருந்தா? கண்டிப்பான போதகர்கள் முழுச் சம்பளத்தைத்தான் சொல்வார்கள். முதற்பலன் தேவனுக்குரியது, அரசாங்கம் அதற்குப் பிறகுதான் என்பது அவர்கள் வாதம். ஆனால் வரி கட்டாதே என்று அவர்களில் எவரும் சொல்வதில்லை.

அமெரிக்காவின் மரபுவாதக் கிறிஸ்தவர்களிடமிருந்து நம்மூர்க்காரர்கள் விலகி நிற்கும் இடம் இதுதான். அங்கே வேதத்தை எழுத்துப்படி நம்புகிறவர்களில் பெரும்பகுதியினருக்கு, அரசு சிறிதாக இருக்க வேண்டும், வரி குறைய வேண்டும், அரசியல் சட்டம் தந்த உரிமையில் எவரும் கைவைக்கக் கூடாது என்ற மூன்றும் ஒரே கொள்கை. பூந்தமல்லியிலிருந்து திருமுல்லைவாயில் வரை மாடி அறைகளிலும் தகரக் கொட்டகைகளிலும் கூடும் பெந்தெகொஸ்தே சபையார் படிப்பதும் அதே வேதம்தான். அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொல்லும் ரோமர் 13, ஆளுகிறவர்களுக்காக ஜெபிக்கச் சொல்லும் 1 தீமோத்தேயு 2, மனிதக் கட்டளையும் தேவக் கட்டளையும் மோதினால் எதைத் தேர்வது என்று சொல்லும் அப்போஸ்தலர் 5 ஆகியவை இவர்களுக்கும் மனப்பாடம். அவற்றிலிருந்து இவர்கள் எட்டும் அரசியல் முடிவுதான் வேறு.

வரியை முதலில் பார்ப்போம். அமெரிக்காவில் சபைக்குக் கொடுக்கும் காணிக்கையை, கணக்குக் காட்டி வரிக் கழிவாகக் கேட்க முடியும். இங்கே 80ஜி என்று நாம் அறிந்த சலுகை அறப்பணிக்கானது. குறிப்பிட்ட ஒரு மதத்தினருக்காக மட்டும் நடக்கும் அமைப்புக்குக் கிடையாது. வரலாற்றுச் சிறப்புள்ளவையென அரசு அறிவித்த வழிபாட்டுத் தலங்களைப் பழுதுபார்க்கத் தரும் நன்கொடை போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. ஆகவே அம்பத்தூர் ஊழியர் ஒருவர் தரும் தசமபாகம், பெரும்பாலும் வரி கட்டிய பணத்திலிருந்தே போகிறது. சம்பளக்காரர்கள் என்பதால் வரி இவர்கள் கண்ணில் படுவதற்கு முன்பே பிடிக்கப்பட்டுவிடுகிறது. வரி எதிர்ப்பு இங்கே ஓர் இயக்கமாக வளராததற்கு இதுவும் காரணம் என்று நினைக்கிறேன்.

வரியை எதிர்த்துத் தமிழகக் கிறிஸ்தவர்கள் நீதிமன்றம் போன பெரிய வழக்கு ஒன்று உண்டு. தொடுத்தவர்கள் பெந்தெகொஸ்தேயினர் அல்லர், கத்தோலிக்கத் துறவியர். அரசு உதவி பெறும் பள்ளிகளில் ஆசிரியைகளாக இருக்கும் கன்னியாஸ்திரிகளுக்கு அரசே சம்பளம் தருகிறது. ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் என்பதால் அந்தப் பணத்தை அவர்கள் தம் சபையிடமே ஒப்படைத்துவிடுவார்கள். 1944-இல் வந்த ஒரு சுற்றறிக்கையையும் 1977-இல் வந்த அறிவுறுத்தலையும் காட்டி, இந்தப் பணம் தனிநபர் வருமானம் ஆகாது என்று நெடுங்காலம் வரிப்பிடித்தம் இல்லாமலே இருந்துவந்தது. சுமார் பத்தாண்டுகளுக்கு முன் வருமான வரித்துறை பிடிக்கச் சொன்னதும் வழக்கு தொடங்கியது. திருச்சபைச் சட்டப்படி துறவி ‘குடிமை மரணம்’ அடைந்தவர், அவருக்கென வருமானமே கிடையாது என்பது மடங்களின் வாதம்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி இதை ஏற்றார். 2019 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. 2024 நவம்பர் 7 அன்று தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு 90-க்கும் மேற்பட்ட மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. சம்பளம் ஒருவர் பெயரில் வருகிறது. வந்த பிறகு அவர் அதை யாரிடம் கொடுத்தாலும் வரி வரிதான். தீர்ப்பின் சாரம் இவ்வளவே. எனக்கு இது சரியான தீர்ப்பாகவே படுகிறது. நாணயத்தில் யார் தலை இருக்கிறது என்று இயேசு கேட்ட சம்பவத்தை ஆண்டுதோறும் பிரசங்கிக்கிறவர்கள் இதில் வருந்த ஒன்றுமில்லை.

ஆனால் வரி வாங்கும் அரசுக்கும் ஒரு கடமை இருக்கிறது. குடிமகனின் வழிபாட்டு மனுவுக்குக் காலத்தில், காரணத்தோடு, எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். சென்னையின் மேற்குப் புறநகரில் உண்மையான உரசல் நடப்பது இங்கேதான். தமிழ்நாட்டின் கட்டட விதிகளின்படி, பொது வழிபாட்டுக்குக் கட்டடம் எழுப்ப ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். பொது அமைதிக்குப் பங்கம் வரும் என்று தோன்றினால் அவர் மறுக்கலாம். விதி எல்லா மதத்துக்கும் பொது. ஆனால் ஊர்க்கோயிலுக்கும் பழைய சி.எஸ்.ஐ. ஆலயத்துக்கும் இடமும் பட்டாவும் முன்பே உண்டு. வீட்டு மாடியில் இருபது பேரோடு தொடங்கி இருநூறாகப் பெருகும் சபைதான் விதியின் கீழ் வந்து மாட்டுகிறது. வீட்டில் ஜெபிக்க அனுமதி தேவையில்லை. வீடு ஜெபக்கூடமாக மாறினால் தேவை. அந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதில் நீதிமன்றங்களே இரு விதமாகச் சொல்லியிருக்கின்றன. எதிர்வீட்டார் ஆட்சேபித்தாலே அமைதிக்குப் பங்கம் என்று முடிவு கட்டினால், ஒருவரின் அடிப்படை உரிமை அக்கம்பக்கத்தாரின் விருப்பத்தைப் பொறுத்ததாகிவிடும். இதை ஏற்பதற்கில்லை.

அதற்காக அக்கம்பக்கத்தாருக்கு உரிமை இல்லை என்றும் ஆகாது. மாதவரம் நெடுஞ்சாலையில் கே.கே.ஆர். நகரில் இருந்த ‘சர்ச் ஆஃப் காட்’ சபையின் ஒலிபெருக்கி வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மற்றவர் அமைதியைக் குலைத்து ஜெபிக்க எந்த மதமும் சொல்லவில்லை என்று 2000 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. சபை தோற்றது, தோற்றதும் நியாயம்.

அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவு மதத்தைப் பின்பற்றுவதோடு பரப்பவும் உரிமை தருகிறது. ‘பரப்புதல்’ என்ற சொல்லை நீக்க வேண்டும் என்று 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் சிலர் வாதிட்டபோது, சென்னை மாகாணத்தின் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, கிறிஸ்தவக் கல்வி நிலையங்களில் படித்த தம்மை யாரும் மதம் மாற்ற முயலவில்லை என்று சொல்லி அது நீடிப்பதை ஆதரித்தார். மறு ஆண்டு மே மாதம் சட்டமன்றங்களில் சிறுபான்மையினருக்குத் தனி இடங்கள் கைவிடப்பட்டபோது, கிறிஸ்தவ உறுப்பினர்களான எச்.சி. முகர்ஜியும் சென்னையின் இயேசு சபைப் பாதிரியார் ஜெரோம் டிசோசாவும் அதற்கு இசைந்தார்கள். தனி இடங்களை விட்டுக்கொடுத்த சமூகத்துக்கு மிஞ்சியது, ஏட்டில் எழுதிய உரிமைகள்தான்.

அதனால்தான் 2002 அக்டோபரில் ஜெயலலிதா அரசு கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் கொண்டுவந்தபோது அவ்வளவு கொந்தளிப்பு. மதமாற்றச் சடங்கு நடத்துகிறவர் மாவட்ட நடுவரான ஆட்சியருக்குத் தகவல் தர வேண்டும், மீறினால் தண்டனை என்றது சட்டம். ஞானஸ்நானத்தை அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்றதும், அரசு எல்லை தாண்டிவிட்டது என்பதில் கத்தோலிக்கரும் பெந்தெகொஸ்தேயினரும் ஒன்றுபட்டார்கள். மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க. ஓர் இடம்கூடப் பெறாமல் போன கையோடு, 2004 மேயில் சட்டம் திரும்பப் பெறப்பட்டது.

இதையெல்லாம் வைத்து, இவர்கள் கேட்பது சிறிய அரசாங்கம் என்று முடிவு கட்டினால் தவறாகும். ஒரு வழக்கைச் சொல்கிறேன். மவுண்ட் ரோடும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடும் சந்திக்கும் முனையில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தவர் சூசை. ஆதிதிராவிடராகப் பிறந்து கிறிஸ்தவரானவர். சாலையோரத் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை தந்தபோது அவருக்கு மறுக்கப்பட்டது. பட்டியல் சாதி என்ற தகுதி கிறிஸ்தவருக்கு இல்லை என்கிறது 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை. மதம் மாறிய பின்னும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்று நிரூபிக்கப் போதிய ஆதாரம் தரப்படவில்லை என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளியது. அந்த ஆணையில் சீக்கியர் முன்பே சேர்க்கப்பட்டிருந்தார்கள், 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர், இஸ்லாமியர் நிலை மாறவில்லை.

அரசு ஒதுங்கி நின்றால் போதும் என்று அமெரிக்கப் போதகர் சொல்லலாம். சூசைக்கு வேண்டியிருந்தது, அரசு மற்றவருக்குக் கொடுத்த அதே கடை. அம்பத்தூரிலும் ஆவடியிலும் சபைகளை நிரப்பும் குடும்பங்களில் பல இந்த வரிசையில் நிற்பவைதான். ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து அரசு விலகி நிற்கட்டும், நலத்திட்டப் பட்டியலில் தங்களையும் சேர்க்கட்டும் என்று அவர்கள் கேட்பதில் முரண்பாடே இல்லை. இரண்டுமே, மதத்தை வைத்துத் தங்களை வேறுபடுத்தாதே என்ற ஒரே கோரிக்கையின் இரண்டு பகுதிகள். சூசை எழுப்பிய கேள்வியை ஆராய முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் 2022 அக்டோபரில் மத்திய அரசு ஓர் ஆணையம் அமைத்தது. இரண்டே ஆண்டுகளில் முடிக்கச் சொல்லித் தொடங்கிய அதற்கு, அதன் பிறகு காலநீட்டிப்பும் தரப்பட்டது.