கண் சாலையில், கருத்து எங்கே?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

சந்தைக்குப் போய்த் திரும்பும் இரவில் வண்டிக்காரர் தூங்கிவிட்டாலும், மாடுகள் தாமே வழியறிந்து வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தும் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். கார் அப்படிப்பட்டதன்று. ஓட்டுபவர் கண்ணை எடுத்தால் அது தன் போக்கில் நேரே போகும். சாலை வளைந்தாலும் போகும். குறுக்கே ஆள் வந்தாலும் போகும். தாமே பிரேக் போட்டுக்கொள்ளும் விலையுயர்ந்த கார்கள் சில வந்துள்ளன என்பது உண்மைதான். ஆனால் நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான வண்டிகளுக்கு ஓட்டுநரின் கண்ணே கண்.

அந்தக் கண்ணுக்கு நேர் கீழே, டாஷ்போர்டின் நடுவில், இன்று ஒரு தொடுதிரை வந்து அமர்ந்திருக்கிறது. கைப்பேசியைக் காருடன் இணைத்துவிட்டால் வழிகாட்டும் வரைபடம், பாட்டு, அழைப்பு, செய்தி எல்லாம் அந்தத் திரையில் வந்துவிடுகின்றன. "கையில் போன் இல்லை, ஆகவே ஆபத்தும் இல்லை" என்று பலரும் எண்ணுகின்றனர். இந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரி? இதை ஆராயுமுன், அந்தத் திரை எப்படி வேலை செய்கிறது என்பதைச் சற்றே பார்த்துவிடுவோம்.

2014-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஜெனீவா நகரில் நடந்த மோட்டார் கண்காட்சியையொட்டி ஆப்பிள் நிறுவனம் 'கார்ப்ளே' என்ற முறையை வெளியிட்டது. அதே ஆண்டு ஜூனில் கூகுள் நிறுவனம் 'ஆண்ட்ராய்டு ஆட்டோ'வை அறிவித்தது. அது 2015-இல் மக்கள் கைக்கு வந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று போட்டி. ஆனால் இரண்டின் அடிப்படையும் ஒன்றே.

திரையரங்கில் வெள்ளைத் திரைக்குப் படம் ஏதும் தெரியாது. படம் பின்னால் ஒளிப்படக் கருவி அறையில் ஓடுகிறது. காரிலும் அப்படித்தான். டாஷ்போர்டில் தெரியும் வரைபடத்தைக் கார் தயாரிப்பதில்லை. கைப்பேசிதான் அதை உருவாக்கி, சுருக்கப்பட்ட காணொளியாக மாற்றி, தொடர்ந்து காருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. யு.எஸ்.பி. கம்பி வழியாகவும் அனுப்பலாம், கம்பியின்றியும் அனுப்பலாம். கம்பியில்லா முறையில் காரும் கைப்பேசியும் முதலில் ப்ளூடூத் மூலம் ஒன்றையொன்று அறிமுகம் செய்துகொள்ளும். ஆனால் படத்தைச் சுமக்கும் அளவுக்கு ப்ளூடூத்துக்கு வலிமை போதாது. ஆதலால் அறிமுகம் முடிந்ததும் வேலை வைஃபைக்கு மாறிவிடும்.

எதிர்த் திசையிலும் செய்திகள் போகின்றன. நாம் திரையைத் தொட்டால், "இன்ன இடத்தில் விரல் பட்டது" என்று மட்டும் கார் சொல்லும். அதன் பொருளைப் புரிந்துகொள்வது கைப்பேசியின் வேலை. நாம் பேசினால் காரிலுள்ள ஒலிவாங்கி அதைப் பிடித்துக் கைப்பேசிக்குக் கொடுக்கும். விளக்குப் போட்டாயிற்றா, வண்டி நிற்கிறதா, ஓடுகிறதா என்பனவற்றையும் கார் தெரிவிக்கும். அதனால்தான் இருட்டியதும் வரைபடம் கறுப்பாக மாறுகிறது. வண்டி நகரத் தொடங்கியதும் எழுத்துப் பலகை பூட்டிக்கொள்கிறது. செய்திகள் எழுத்தாகக் காட்டப்படாமல் படித்துச் சொல்லப்படுகின்றன. ஓட்டும்போது திரைப்படம் பார்க்க இயலாது. செய்தவர்களும் ஆபத்தை அறிந்தே செய்திருக்கிறார்கள் என்பது இதனால் விளங்கும்.

ஆகவே இம்முறையை முழுக்கக் குறை கூறுவது நியாயமாகாது. அமெரிக்காவின் ஏ.ஏ.ஏ. அறக்கட்டளை 2018-இல் வெளியிட்ட ஆய்வில், கார் நிறுவனங்கள் தாமே அமைத்த திரைகளைவிடக் கார்ப்ளேயும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் நேரத்தைக் குறைக்கின்றன என்று தெரிந்தது. அழைப்பு விடுக்க 5 விநாடியும், போகுமிடத்தைப் பதிய 15 விநாடியும் சராசரியாக மிச்சமாயின. ஒரு கையில் போன், மறு கையில் ஸ்டியரிங் என்று ஓட்டுவதைவிட இது மேல் என்பதில் ஐயமில்லை.

ஆனால் நம்முடைய கேள்வி அதுவன்று. போனைக் கையில் பிடிப்பவரோடு ஒப்பிட்டு நல்லது என்பது வேறு. தீங்கற்றது என்பது வேறு.

இங்கிலாந்தில் டி.ஆர்.எல். என்னும் போக்குவரத்து ஆய்வுக்கூடம் 2020-இல் வெளியிட்ட முடிவுகளைப் படித்தபோது நான் திகைத்துப் போனேன். நாற்பது ஓட்டுநர்களைச் சாலை போன்ற காட்சி காட்டும் மாதிரிக் காரில் அமரவைத்துச் சோதித்தார்கள். கவனம் முழுவதும் சாலையில் இருக்கும்போது எவ்வளவு விரைவில் எதிர்வினை செய்கிறார்கள் என்று முதலில் அளந்தார்கள். பின்னர் திரையைத் தொட்டு வேலை செய்யச் சொன்னார்கள். கார்ப்ளேயைத் தொட்டு இயக்கியபோது எதிர்வினை நேரம் 57 விழுக்காடும், ஆண்ட்ராய்டு ஆட்டோவில் 53 விழுக்காடும் கூடிவிட்டது. தொடாமல் குரலால் இயக்கியபோதுகூட முறையே 36, 30 விழுக்காடு கூடியது. இதே கூடத்தின் முன்னைய ஆய்வுகளில், அந்நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் எல்லை வரை குடித்தவருக்குக் கூடியது 12 விழுக்காடுதான்! கையில் போனை வைத்துப் பேசியவருக்கு 46.

இது மாதிரிக் காரில் செய்த சோதனை. நாற்பது பேரை வைத்துச் செய்தது. உண்மைச் சாலையில் மனிதர் இன்னும் எச்சரிக்கையாக இருக்கலாம் என்று வாதிடுவோர் வாதிடலாம். ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் வெளிப்பட்டது. தாங்கள் திரையைப் பார்த்த நேரத்தை ஓட்டுநர்கள் 5 விநாடி வரை குறைத்தே மதிப்பிட்டார்கள். "ஒரு கணம்தான் பார்த்தேன்" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை, அவருக்கே தெரியவில்லை.

57 விழுக்காடு என்றால் சாலையில் எவ்வளவு? நம் இயற்பியல் இங்கே உதவும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம் என்பது விநாடிக்கு 22.2 மீட்டர். ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒருவருக்கு ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு விநாடி 1.57 விநாடியானால், கூடுதலாகக் கடக்கும் தொலைவு 12.7 மீட்டர். நான்கு மீட்டர் நீளமுள்ள மூன்று கார்களை வரிசையாக நிறுத்தும் இடம் அது. அதுவும் பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்கு முன்பே போய்விடும் தொலைவு.

அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்புத் துறை 2013-இல் கார் செய்வோருக்கு ஓர் அளவு சொன்னது. காருக்குள் இருக்கும் கருவியை ஒரு முறை பார்க்க 2 விநாடிக்கு மேல் ஆகக்கூடாது. ஒரு வேலையை முடிக்க எல்லாப் பார்வைகளும் சேர்ந்து 12 விநாடியைத் தாண்டக்கூடாது. இரண்டு விநாடி சிறிதுதானே என்று தோன்றும். அதே 80 கிலோமீட்டர் வேகத்தில் அது 44 மீட்டர்.

கண் ஏன் இரண்டையும் ஒருங்கே பார்க்கக்கூடாது? விழித்திரையின் நடுவில் உள்ள மிகச் சிறிய பகுதிதான் எழுத்தைப் படிக்கும் அளவுக்குத் தெளிவாகக் காணும். கையை முழுக்க நீட்டிக் கட்டைவிரலைப் பாருங்கள். அந்த நகத்தின் அகலம் எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவுதான் நம் கூரிய பார்வையின் அகலம். இரண்டு பாகை இருக்கலாம். மற்றதெல்லாம் மங்கல். திரையில் ஒரு பெயரைப் படிக்க வேண்டுமானால் அந்தக் கட்டைவிரல் அளவைச் சாலையிலிருந்து எடுத்துத் திரையில் வைத்தே ஆகவேண்டும். வேறு வழி கிடையாது.

பழைய கார்களில் ஒலியைக் கூட்டும் திருகு இருந்தது. விரல் தடவியே அதைக் கண்டுபிடித்துவிடும், கண் தேவையில்லை. தொடுதிரையோ எங்கே தொட்டாலும் ஒரே வழவழப்பு. சுவீடன் நாட்டு மோட்டார் இதழ் ஒன்று 2022-இல் இதைச் சோதித்துப் பார்த்தது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு சிறு வேலைகள். 2005-ஆம் ஆண்டு வால்வோ காரில், பொத்தான்களைக் கொண்டு, 10 விநாடியில் முடிந்தது. அதற்குள் வண்டி 306 மீட்டர் ஓடியிருந்தது. தொடுதிரை வைத்த புதுக் கார் ஒன்றில் 44.9 விநாடி, 1,372 மீட்டர்! இவை கார்களுக்குச் சொந்தமான திரைகள். கைப்பேசியின் படம் காட்டும் திரைகளல்ல. ஆனால் விரலுக்கு இரண்டும் ஒன்றுதான். பதினேழு ஆண்டு முன்னேற்றத்தின் பலன் இது என்று நண்பர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள்.

சரி, தொடவே வேண்டாம். குரலால் கட்டளையிடுவோம் என்கிறீர்களா? கண் சாலையில் இருக்கும். கையும் ஸ்டியரிங்கில் இருக்கும். ஆனால் கருத்து? ஏ.ஏ.ஏ. அறக்கட்டளைக்காக யூட்டா பல்கலைக்கழகத்தார் செய்து 2015-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. சில கார்களில் குரல் கட்டளை முடிந்த பின்னும் 27 விநாடி வரை ஓட்டுநரின் கவனம் முழுமையாகத் திரும்பவில்லை. மணிக்கு 40 கிலோமீட்டர் என்ற நிதான வேகத்தில்கூட அது 300 மீட்டர். கண் திறந்திருக்கும், எதிரே சிவப்பு விளக்கு எரியும், மனம் அதைப் பதிந்துகொள்ளாது. வகுப்பில் ஆசிரியரையே பார்த்துக்கொண்டு வேறு எங்கோ இருக்கும் நம் போன்றவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் பக்கத்தில் இருப்பவரோடு பேசுவதும் தவறுதானே என்று என் வகுப்புத் தோழர் கேட்டார். நல்ல கேள்வி. இதற்கு எனக்கு விடை தந்தவர் என் தந்தையார். அவர் வாடகைக் கார் ஓட்டுபவர்; எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். கேள்வியைச் சொன்னதும் அவர் சிறிதும் யோசிக்கவில்லை.

"பக்கத்துல உக்காந்திருக்கிறவரு, எதுத்தாப்புல லாரி வந்தா அவரே பேச்ச நிறுத்திடுவாரு தம்பி. போன்ல பேசுறவருக்கு லாரி தெரியுமா?" என்றார்.

பிறகு நூலகக் கணினியில் தேடியபோது, யூட்டா பல்கலைக்கழகத்தார் 2008-இல் சோதனை செய்து கண்டதும் இதுவேயாகும் என்று அறிந்தேன். நெரிசல் வரும்போது அருகிலிருப்பவர் பேச்சை எளிதாக்கிக்கொள்கிறார். சாலையைப் பற்றியே பேசவும் தொடங்குகிறார். தொலைவிலிருப்பவர் அப்படிச் செய்வதில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். தந்தையார் வாயில் ஓர் ஆய்வின் முடிவைக் கேட்டது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு 2019-இல் திருத்தப்பட்டபோது, ஓட்டும்போது கையில் பிடிக்கும் தகவல் தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவது ஆபத்தாக ஓட்டும் குற்றங்களுள் சேர்க்கப்பட்டது. முதல் முறைக்கு 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதி, ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில் வழியறிவதற்கு மட்டும் அக்கருவியைப் பயன்படுத்தலாம் என்றது. 'கையில் பிடிக்கும்' என்ற சொற்களைக் கவனியுங்கள். சட்டத்தின் கண் கையின் மேல் இருக்கிறது. மேலே கண்ட ஆய்வுகளோ கையைவிடக் கருத்தைப் பற்றியே அதிகம் பேசுகின்றன.

வசதிக்காகக் காரோட்டுபவர் புறப்படுமுன் போகுமிடத்தைப் பதிந்துவிட்டு, பாட்டையும் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு திரையை மறந்துவிடலாம். பிழைப்புக்காக ஓட்டுபவருக்கு அது முடியாது. என் தந்தையார் வண்டியிலும் டாஷ்போர்டில் திரை உண்டு. ஆனால் சவாரி தரும் செயலி அதில் வருவதில்லை, கைப்பேசியில்தான் வரும். எனவே கண்ணாடியருகே ஸ்டாண்டில் ஒரு திரை, டாஷ்போர்டில் ஒரு திரை என்று அவருக்கு இரண்டு. சவாரி வந்தால் சில விநாடிகளுக்குள் தொட்டு ஏற்கவேண்டும். தவறினால் வேறொருவருக்குப் போய்விடும். ஏற்ற மறு நிமிடம் அழைப்பு வரும்: "அண்ணே, எங்க வந்துட்டிருக்கீங்க?" வண்டி எங்கே வருகிறது என்பது அழைத்தவரின் கைப்பேசி வரைபடத்திலேயே தெரியும். இருந்தும் அழைக்கிறார்கள். நம் கல்லூரி வாசலில் நின்று அழைப்பவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

தந்தையார் ஓடும் வண்டியில் அந்த அழைப்பை எடுப்பதில்லை. ஓரமாக இடம் கிடைத்ததும் நிறுத்தி, அவரே திரும்ப அழைத்து, "வந்துட்டே இருக்கேன் சார், அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். அதற்குள் சவாரியை ரத்து செய்துவிட்டு வேறு வண்டியில் ஏறிப் போனவர்களும் உண்டு.